சிக்கன விளக்கு வீட்டுக்கு வந்த கதை

கடையில் ஒரு விலை. மின்கட்டண ரசீதில் இன்னொரு விலை. வீட்டுக்கு வாங்கும் விளக்கு, காற்றாடி, ஐஸ் பெட்டி என்று எந்த மின்சாரப் பொருளுக்கும் இந்த இரண்டு விலைகள் உண்டு. முதல் விலையை ஒரே ஒரு முறை கொடுக்கிறோம். இரண்டாவது விலையை, அந்தப் பொருள் பழுதாகிக் கிடக்கும் நாள்வரை மாதந்தோறும் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

கையில் காசு உள்ளவர் இரண்டு விலைகளையும் கூட்டிப் பார்த்து வாங்கலாம். காசு குறைந்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது கடை விலை மட்டும்தான். அதனால் மின்சாரத்தைக் குடிக்கும் மலிவான பொருள் அவர் வீட்டுக்குப் போகிறது. மின்சாரத்தைச் சேமிக்கும் நல்ல பொருள் வசதியானவர் வீட்டுக்குப் போகிறது. ஏழைக்குக் கரண்டு பில் கூடுவதும் பணக்காரருக்குக் குறைவதும் இப்படித்தான்.

இந்த முடிச்சை யார் அவிழ்ப்பது? புதிய கருவியைக் கண்டுபிடிக்கும் விஞ்ஞானியா? அதைச் செய்யும் தொழிற்சாலையா? விற்கும் கடைக்காரரா? அல்லது அரசாங்கமா? இந்தக் கேள்விக்கு விடை தேடப் பினாங்குத் தீவைவிடப் பொருத்தமான இடம் அதிகமில்லை. அதிலும் கெலுகோர் வட்டாரம் இந்தக் கதைக்கு நடுவிலேயே அமைந்திருக்கிறது.

ஒரே ஊரில் இரண்டு வேலை

ஜோர்ஜ் டவுன் நகருக்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் இடையே உள்ள ஊர் கெலுகோர். பினாங்கு நகராண்மைக் கழகம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே நகருக்கு மின்சாரம் வழங்கத் தொடங்கிவிட்டது. பின்னாளில் கெலுகோர் கடலோரத்திலும் ஒரு மின்நிலையம் எழுந்தது. நகராண்மையின் கையில் இருந்த மின்விநியோகம் 1976-இல் தேசிய மின்சார வாரியத்திடம் சென்றது. அந்த வாரியமே 1990 செப்டம்பரில் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது.

அதே கெலுகோரில், பிரிட்டிஷ் படையினர் விட்டுச்சென்ற மிண்டன் முகாமில், 1971 முதல் இயங்கி வருகிறது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். அந்த வளாகத்தில் 2000-ஆம் ஆண்டில் ஒரு மையம் உருவானது. புதுப்பிக்கத்தக்க எரிசக்தி, எரிசக்திச் சிக்கனம் ஆகியவற்றைப் பற்றிப் பயிற்சியும் விழிப்புணர்வும் அளிப்பதே அதன் வேலை. சிட்ரீ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மையம், டென்மார்க் நாட்டின் உதவியோடு தொடங்கப்பட்டது. கண்காட்சி வாகனத்தில் கருவிகளை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் சென்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தியது.

ஆக, மின்சாரத்தை உண்டாக்கும் வேலையையும், அதை வீணாக்காதே என்று சொல்லிக்கொடுக்கும் வேலையையும் ஒரே ஊர் செய்திருக்கிறது. ஆனால், சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதுமா? பள்ளியில் பாடம் கேட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து, "அம்மா, குண்டு பல்பை மாற்றுங்கள்" என்று சொல்லலாம். கடையில் குண்டு பல்பு ஒரு வெள்ளி அளவிலும், சிக்கன விளக்கு அதைப்போலப் பல மடங்கு விலையிலும் இருந்தால் அம்மா என்ன செய்வார்?

நூறாண்டு ஆண்ட குண்டு பல்பு

எடிசன் 1879-இல் செய்துகாட்டிய இழை விளக்கின் வாரிசுதான் குண்டு பல்பு. அது எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் வெளிச்சமாகிறது. மற்றதெல்லாம் சூடு. குளிர் நாட்டில் அந்தச் சூட்டுக்கு ஒரு பயனாவது உண்டு. பினாங்கு வெயிலில்? பல்பு கொடுக்கும் சூட்டைப் போக்க இன்னொரு பக்கம் காற்றாடியைச் சுழலவிட வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 60 வாட் பல்பு ஒன்று தினமும் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட் மின்சாரம் செலவாகும். வீட்டில் 4 பல்புகள் என்றால் 36 யூனிட். அதே வெளிச்சத்தை 9 வாட் எல்இடி விளக்கு தருகிறது. அப்படி 4 விளக்குகளுக்கு மாதம் ஐந்தரை யூனிட்கூட ஆகாது. மிச்சம் 30 யூனிட்டுக்கு மேல்.

இவ்வளவு நட்டம் தரும் பொருள் நூறாண்டுக்கு மேல் எப்படித் தாக்குப்பிடித்தது? மாற்று இல்லாததாலா? அதுவும் முழு உண்மையல்ல. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய எட்வர்ட் ஹேமர் என்ற பொறியாளர், சுருள் வடிவச் சிறு குழல் விளக்கை 1976-லேயே செய்து முடித்துவிட்டார். அதைப் பெருமளவில் தயாரிக்கப் புதிய ஆலைகள் கட்ட வேண்டும். சுமார் 2 கோடியே 50 லட்சம் டாலர் ஆகும் என்று கணக்கிட்ட நிறுவனம், திட்டத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது. அந்தச் சுருள் விளக்கு கடைக்கு வந்தது 1990-களின் நடுவில். அதையும் சீன ஆலைகள்தான் கொண்டுவந்தன.

கண்டுபிடிப்புக்கும் கடைக்கும் இடையே ஏறக்குறைய 20 ஆண்டுகள்! அறிவு இருந்தது, பொருளும் இருந்தது. முதல் செலவை ஏற்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

பாயான் லெப்பாஸின் சிவப்புப் புள்ளி

இந்த இடத்தில்தான் பினாங்கு கதைக்குள் வருகிறது. சுதந்திரத் துறைமுகத் தகுதியை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்துக்கொண்டிருந்த பினாங்கு, 1972-இல் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வளாகத்தைப் பாயான் லெப்பாஸில் திறந்தது. தொடக்கத்தில் வந்து சேர்ந்த எட்டு நிறுவனங்களை 'எட்டு சாமுராய்கள்' என்று இன்றும் அழைக்கிறார்கள். அவற்றில் ஹியூலட் பேக்கார்டும் லிட்ரானிக்ஸும் அடக்கம். எல்இடி என்னும் ஒளி உமிழும் குறைகடத்தியில் பெயர்பெற்றவை இந்த இரண்டும்.

அந்தக் காலத்து எல்இடி என்பது ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. நிக் ஹோலன்யாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1962-இல் செய்துகாட்டியது அது. கணிப்பான், கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி ஆகியவற்றில் எண்ணாகவும் அடையாள விளக்காகவும் மின்னுவதோடு அதன் வேலை முடிந்தது. அறையை வெளிச்சமாக்கும் வல்லமை அதற்கு இல்லை.

பாயான் லெப்பாஸ் ஆலைகளின் உற்பத்தி வரிசையில் அமர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நகர்ப்புறக் குடியிருப்புகளிலிருந்தும் மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி வந்தார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைக் கடுகைவிடச் சிறிய சில்லில் பொருத்துவதுதான் அன்றைய குறைகடத்தி ஆலைகளின் வேலை. பகல், இரவு என்று மாறி மாறி வந்த அந்த வேலை பல குடும்பங்களை உயர்த்தியது. பலருடைய கண்களையும் சோர்வடையச் செய்தது. ஒளியைச் செய்யும் ஆலையிலிருந்து வேலை முடிந்து போனவர்களின் வீட்டில் எரிந்தது என்னவோ குண்டு பல்பும் குழல் விளக்கும்தான்.

சிவப்பும் பச்சையும் கிடைத்துவிட்டன; நீலம் மட்டும் கைக்கு எட்டவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை வெளிச்சம் இல்லை. 1993-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகாமுரா பிரகாசமான நீல எல்இடியை வெளியிட்டார். நீலச் சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசினால் வெள்ளை வெளிச்சம் வரும் என்ற வழியும் சில ஆண்டுகளில் திறந்தது. இந்த நீல ஒளிக்காகத்தான் அவருக்கும் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பினாங்கில் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் மாறின. ஹியூலட் பேக்கார்டின் எல்இடி பிரிவிலிருந்து, 1999-இல் பிலிப்ஸ் கூட்டோடு லூமிலெட்ஸ் பிறந்தது. லிட்ரானிக்ஸ் ஜெர்மனியின் சீமென்ஸ் கைக்கு மாறி, பிறகு ஓஸ்ராம் குடும்பத்தில் சேர்ந்தது. 2009-இல் பினாங்கில் எல்இடி சில்லு ஆலையைத் திறந்த ஓஸ்ராம், 2017-இல் அக்கரையில் உள்ள கூலிமில் அதைவிடப் பெரிய ஆலையைத் திறந்தது. அடையாள விளக்குச் செய்துகொண்டிருந்த தீவு, உலகத்தின் வீட்டு விளக்குக்கு உயிர் தரும் தீவாக மாறியது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை, 60 வாட் குண்டு பல்புக்கு ஈடான சிக்கன விளக்கைச் செய்பவருக்கு ஒரு கோடி டாலர் பரிசு என்று போட்டி வைத்தது. 2011-இல் பிலிப்ஸ் அதை வென்றது. மறு ஆண்டு அந்த விளக்கு கடைக்கு வந்தபோது விலை ஏறக்குறைய 60 டாலர்! பரிசு வென்ற விளக்கை எந்த ஏழை வாங்குவான்?

புதுச்சேரி காட்டிய வழி

விலையை இறக்கும் வித்தையை உலகம் பல விதமாக முயன்று பார்த்தது. அவற்றில் ஒரு முக்கியமான முயற்சி நடந்தது ஒரு தமிழ் மண்ணில். இந்திய அரசின் எரிசக்திச் சேவை நிறுவனம், 2014-இல் புதுச்சேரியில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. வீட்டுக்காரர் பழைய குண்டு பல்புகளைக் கொடுத்துவிட்டு, ஒன்றுக்கு 10 ரூபாய் மட்டும் செலுத்தி எல்இடி விளக்குகளைப் பெற்றுக்கொள்ளலாம். அப்போது அந்த நிறுவனம் ஒரு விளக்கை வாங்கிய விலை 310 ரூபாய்.

மீதிப் பணம் எங்கிருந்து வந்தது? மிச்சமாகும் மின்சாரத்திலிருந்து. வீடுகளில் மின்சாரம் குறைந்தால் மின்துறைக்கும் செலவு குறையும். அந்த மிச்சத்திலிருந்து விளக்கின் விலை அடைக்கப்பட்டது. 2015 ஜனவரியில் இத்திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்து, உஜாலா என்ற பெயரைப் பெற்றது. பல மாநிலங்களில், முதலில் 10 ரூபாய் கட்டிவிட்டு, மீதியை மின்கட்டணத்தோடு மாதத் தவணையாகச் செலுத்தும் வசதியும் இருந்தது.

கோடிக்கணக்கான விளக்குகளை ஒரே கையாக வாங்கியதால் கொள்முதல் விலை சரிந்தது. 310 ரூபாய், 2016-க்குள் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. இதுவரை 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் இத்திட்டத்தில் வீடுகளுக்குச் சென்றிருக்கின்றன. புதிதாக எந்தக் கண்டுபிடிப்பும் அந்த இரண்டு ஆண்டுகளில் நடக்கவில்லை. நடந்தது ஒரே ஒரு மாற்றம்தான். ஏழையின் பையிலிருந்து முதல் விலையை எடுத்துவிட்டு, வேறொரு பெரிய கை அதைத் தாங்கியது.

மலேசியா எடுத்த முடிவு

மலேசியா வேறு வழியில் சென்றது. குண்டு பல்பின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு 2010-இல் அறிவித்தது. 2014-இல் அது முழுமையாகக் கடைகளை விட்டு வெளியேற வேண்டும் என்பது முடிவு. இதற்கு முன்பே, 2007-இல் ஆஸ்திரேலியா இத்தகைய அறிவிப்பைச் செய்திருந்தது.

அடுத்து, 2013 மே 3-ஆம் தேதி புதிய மின்சார ஒழுங்குமுறை அமலுக்கு வந்தது. ஐஸ் பெட்டி, குளிரூட்டி, தொலைக்காட்சி, வீட்டுக் காற்றாடி, விளக்கு ஆகிய ஐந்து பொருள்களுக்கும் குறைந்தபட்சச் சிக்கனத் தகுதி வகுக்கப்பட்டது. இரண்டு நட்சத்திரத் தகுதிகூட இல்லாத பொருள் கடைக்கு வரக்கூடாது. பிறகு சலவை இயந்திரம், சோற்று மின்பானை போன்றவையும் பட்டியலில் சேர்ந்தன. 2025 ஜனவரி 1 முதல் எரிசக்திச் சிக்கன, பாதுகாப்புச் சட்டமும் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

இந்த ஒழுங்குமுறையின் அருமை எளிதில் கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திர முத்திரையைப் படித்துப் புரிந்துகொள்பவருக்கு அது வழிகாட்டி. படிக்காதவருக்கும், படிக்க நேரமில்லாதவருக்கும் என்ன வழி? மோசமான பொருளே கடையில் இல்லையென்றால், அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினாலும் பெரிதாக ஏமாற மாட்டார்.

பொருளை வாங்கும் முன் கேள்வி கேள் என்று மக்களுக்குப் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் நீண்டகாலம் தலைமையேற்று நடத்திய அச்சங்கம், தமிழிலும் இதழ் வெளியிட்டு நம் குடும்பங்களைச் சென்றடைந்தது. கேள்வி கேட்கும் பயனீட்டாளரும், கண்டிப்பான விதியும் சேர்ந்தால்தான் சந்தை திருந்தும். ஒரு கையால் ஓசை வராது.

200 வெள்ளி யாருக்குப் போனது?

விதியோடு சலுகையும் வந்தது. 2011-இல் அரசு 'சேவ்' என்ற தள்ளுபடித் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. ஐந்து நட்சத்திர ஐஸ் பெட்டி வாங்கினால் 200 வெள்ளியும், ஐந்து நட்சத்திரக் குளிரூட்டி வாங்கினால் 100 வெள்ளியும் கழிவு. 2021-இல் அதே திட்டம் மின்னியல் முறையில் மீண்டும் வந்து, நான்கு அல்லது ஐந்து நட்சத்திரப் பொருள்களுக்கு 200 வெள்ளி தந்தது. பின்னர் வந்த ஆண்டுகளிலும் அது தொடர்ந்தது.

நல்ல திட்டம்தான், சந்தேகமில்லை. ஐந்து நட்சத்திர ஐஸ் பெட்டியின் கதவுப் பட்டையும் உள்சுவரும் குளிரை நன்றாகப் பிடித்துவைக்கின்றன; அதன் அமுக்கி, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. அது 24 மணி நேரமும் ஓடும் பொருள் என்பதால், வாங்கியவருக்கு ஆண்டுக்கணக்கில் லாபம்.

ஆனால், 200 வெள்ளித் தள்ளுபடியைப் பெற முதலில் ஆயிரம் வெள்ளிக்கும் மேல் எடுத்து வைக்க வேண்டும். பழைய பொருள் கடையில் 300 வெள்ளிக்கு ஐஸ் பெட்டி வாங்கும் குடும்பத்துக்கு அதில் என்ன பங்கு? வாடகை வீட்டில் இருப்பவரின் நிலை இன்னும் சிக்கலானது. பொருளை வாங்கி வைப்பவர் வீட்டுக்காரர். மின்கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். தான் கட்டாத கட்டணத்தைக் குறைக்க, வீட்டுக்காரர் ஏன் கூடுதல் விலை கொடுத்து நல்ல குளிரூட்டியை வாங்கப்போகிறார்? மாணவர்களும் தொழிற்சாலை ஊழியர்களும் வாடகைக்குத் தங்கும் கெலுகோர் போன்ற வட்டாரத்தில் இது பலரைத் தொடும் கேள்வி.

சிறு மிச்சம் ஏழை வீட்டில் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு இன்னொரு கணக்கு. 2008-லிருந்து 2018 முடியும்வரை, மாதக் கட்டணம் 20 வெள்ளிக்குள் இருந்தால் அந்தக் குடும்பம் எதுவும் கட்ட வேண்டாம் என்ற சலுகை இருந்தது. முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்று 21.8 காசு. 20 வெள்ளி என்றால் சுமார் 91 யூனிட். மாதம் 115 யூனிட் செலவழித்த குடும்பத்தின் கட்டணம் 25 வெள்ளி. அந்த வீட்டில் 4 குண்டு பல்புகளை மாற்றியிருந்தால் 30 யூனிட் குறைந்து, கட்டணமே இல்லாமல் போயிருக்கும். ஆண்டுக்கு 300 வெள்ளி! 4 விளக்குகளை ஒரேயடியாக வாங்கப் பணம் இல்லாமல் அந்தச் சலுகையைத் தவறவிட்ட குடும்பங்கள் எத்தனையோ? 2025 ஜூலையில் வந்த புதிய கட்டண முறையிலும் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஊக்கத்தொகை உண்டு. சிக்கனமான பொருள் இருந்தால்தானே குறைவாகப் பயன்படுத்த முடியும்?

வரலாறு சொல்லும் பாடம்

இன்று கெலுகோரின் எந்த மளிகைக் கடையிலும் எல்இடி விளக்கு சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. குண்டு பல்பைத் தேடினாலும் கிடைப்பது அரிது. பாயான் லெப்பாஸில் 1972-இல் நுண்ணோக்கியின் முன் அமர்ந்த பெண்களில் பலர் இன்று பாட்டிமார்கள். பேரப்பிள்ளைகள் படிக்கும் மேசைமேல் எல்இடி வெளிச்சம் விழுகிறது. அது அவர்கள் வீட்டுக்கு வந்து சேர 40 ஆண்டுகள் பிடித்தன.

விளக்கு வந்துவிட்டது. ஆனால் ஐஸ் பெட்டி, குளிரூட்டி, நேர்மின் மோட்டார் பொருத்திய காற்றாடி ஆகியவை இன்னும் பாதி வழியில் நிற்கின்றன. சாதாரணக் கூரைக் காற்றாடி எடுக்கும் மின்சாரத்தில் பாதியளவே இந்தப் புதிய காற்றாடிக்குப் போதும். இரவு பகலாகக் காற்றாடி சுழலும் அடுக்குமாடி வீட்டுக்கு இதைவிட ஏற்ற பொருள் உண்டா? ஆனால் கடை விலை தடுக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் விளக்கு நின்ற அதே இடத்தில் இன்று காற்றாடி நிற்கிறது.

செய்ய வேண்டியது என்ன என்பதில் இனி குழப்பம் தேவையில்லை. இந்திய மாநிலங்கள் பலவற்றில் செய்ததுபோல, மின்கட்டணத்தோடு தவணையாகக் கட்டும் வசதி வரலாம். அரசின் மலிவு விலை அடுக்குமாடிகளைக் கட்டும்போதே சிக்கனமான காற்றாடியையும் விளக்கையும் பொருத்திக் கொடுக்கலாம். வாடகைக்கு விடும் வீட்டின் குளிரூட்டிக்கும் நட்சத்திரத் தகுதி கேட்கலாம். குறைந்தபட்சத் தகுதியை இரண்டு நட்சத்திரத்திலிருந்து உயர்த்தலாம்.

வாங்குபவர் தம் பங்குக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் முத்திரையைக் காட்டி, "இது ஆண்டுக்கு எத்தனை யூனிட் குடிக்கும்?" என்று கேட்க வேண்டும். அந்த எண் முத்திரையிலேயே அச்சாகியிருக்கிறது. இரண்டு பொருள்களின் எண்களை ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு யூனிட்டின் விலையால் பெருக்கினால் இரண்டாவது விலை கைக்கு வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பணப்பையைத் திறக்க வேண்டும்.